புறங்கையால் வைக்கும் எண்ணெய்

விஜயஸ்ரீக்கு ஏழு வயதிருக்கும்போது பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருக்கிறாள். மணவறையில் உட்கார்ந்திருந்த பெண்ணின் தலைப்பக்கம் குனிந்தாள். "எண்ணெய் சிக்கு வாடை அடிக்கு" என்று சபையறியச் சொன்னாள். அந்தப் பெண் தாலி கட்டுகிற நேரத்தில் அழுதுகொண்டிருந்தது. விஷயம் உண்மைதானாம், எண்ணெய் பழசு. அந்த மூக்கைக் குறை சொல்ல முடியாது. மூக்குக்குக் கீழே ஒரு வாய் இருந்ததே, அதுதான் கேடு.

நான் முத்துராணி. பாளையங்கோட்டைப் பக்கம் வண்ணார்பேட்டையில் மாடி அறை ஒன்றில் வாசனை எண்ணெய் கலந்து, சுண்டுவிரல் அளவுப் புட்டிகளில் அடைத்து விற்பவள். விஜயஸ்ரீயை எனக்கு ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆகாதவள் சொல்லும் கதைதான், ஆனாலும் இதில் பொய் கிடையாது. நான் சொன்ன பொய் ஒன்றே ஒன்று. அதுவும் அவளிடம் சொன்னது.

டவுனில் நல்ல சைவக் குடும்பம் அவளுடையது. பெண் பார்க்க வந்த முதல் இரண்டு பேரும் அவள் வாய்க்குப் பயந்து பஸ் ஏறிவிட்டார்கள். மூன்றாவதாக வந்தவர் சிவகணேஷ், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சாப்பிட்டதும் ஒரு கிராம்பு எடுத்து வாயில் போட்டுக்கொள்ளும் பழக்கம் அவருக்கு. "கிராம்பு வாசம் நல்லாருக்கு" என்று இவள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அவள் வாயிலிருந்து ஒரு மனுஷனைப் பற்றி வந்த முதல் நல்ல வார்த்தை அதுதான் என்பார்கள். அதன்பிறகு பதினெட்டு வருஷம் ஒன்றாக இருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. அதைச் சொல்லிக் குத்த நான் ஒன்றும் விஜயஸ்ரீ இல்லை.

யூடியூப் யோசனை வாத்தியாருடையது. வீட்டில் வைத்துச் சின்ன அளவில் எண்ணெய் கலக்குகிறவர்கள் இப்போது ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்கள் அனுப்புவதை இவள் பூசிப் பார்த்துக் கருத்துச் சொல்வாள், அவர் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வேலையில் அவள் சுத்தம், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். மணிக்கட்டில் ஒரு சொட்டு தேய்ப்பாள். உடனே ஒரு தடவை, அரை மணி கழித்து ஒரு தடவை முகர்வாள். பிறகு கூட்டமான டவுன் பஸ்ஸில் ஏறி வண்ணார்பேட்டை வரைக்கும் போய்த் திரும்புவாள். டீசல் புகையிலும் வேர்வையிலும் தாக்குப்பிடித்து, பக்கத்து சீட்டுக்காரி திரும்பிப் பார்த்தால் அந்த எண்ணெய் பிழைத்தது. தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் கேமராவையே கொஞ்ச நேரம் பேசாமல் பார்ப்பாள். பார்க்கிறவர்கள் அதற்காகவே காத்துக் கிடப்பார்கள்.

"மல்லிகைன்னு போட்டிருக்கு. மல்லிகைய மோந்து பாத்த ஒரு ஆளைப் பக்கத்துல வச்சுக்கிட்டுக் கலக்கியிருக்கலாம்" என்பாள். "சந்தனமாம். எனக்கு என்னமோ புதுக்கதவுக்கு வார்னிஷ் அடிச்ச மாதிரி இருக்கு" என்பாள். ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்.

எனக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்தது. கனடாவிலிருந்து என்னிடம் எண்ணெய் வாங்கும் ஒரு பெண், இலையுதிர் காலத்துக்கு ஏற்ற மாதிரி ஒரு வரிசை கலந்து தரச் சொன்னாள். அங்கே அந்த மாசங்களில் மரமெல்லாம் சிவந்து கொட்டுமாம். நான் அதை எங்கே கண்டேன்? நம்மூரில் வேம்பு இலை கொட்டுவது மாசி பங்குனியில். அவள் சொன்ன மாசங்களில் இங்கே ஐப்பசி அடைமழை. சரி, நம் ஐப்பசியைத்தான் கொடுப்போமே என்று துணிந்தேன். சருகு ஒன்று, புகை ஒன்று என்று இரண்டு புட்டி. மூன்றாவதற்கு 'ஐப்பசி' என்றே பேர் வைத்தேன். தீபாவளி விடியற்காலை அது. நல்லெண்ணெய், சீயக்காய், மழையில் நனைந்த மண். கொஞ்சம் பூ இருந்தால் நன்றாக இருக்குமென்று ரோஜா சேர்த்தேன். ஊதுபத்தி சேர்த்தேன். என் கையில் அதுவரை அப்படி ஒன்று அமைந்ததில்லை. நகையை அடகு வைத்து ஐந்நூறு புட்டி அடைத்தேன். மூன்றிலும் முதல் புட்டியை விஜயஸ்ரீக்கு அனுப்பினேன்.

சருகையும் புகையையும் நல்லதாகவே சொன்னாள். ஐப்பசியைத் தேய்த்து முகர்ந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பஸ் ஏறிப் போய்த் திரும்பி வந்தாள். கேமராவைப் பார்த்தாள்.

"தீபாவளிக் குளியலாம். எண்ணெய் சீயக்காய் தீபாவளிக்கும் உண்டு, செத்தவங்களக் குளிப்பாட்டவும் உண்டு. அதோட ரோஜா மாலையும் ஊதுபத்தியும் சேந்தா அது எந்த வீடுன்னு நான் சொல்லணுமா? இத மணிக்கட்டுல தேய்க்காதீங்க. புறங்கையால வைங்க."

அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் செத்தவர்களின் தலையில் எண்ணெய் சீயக்காய் வைப்பது புறங்கையால். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அந்தத் துண்டை மட்டும் வெட்டி ஆளுக்கு ஆள் அனுப்பினார்கள். கடைகளில் கொடுத்திருந்த புட்டிகள் அட்டைப் பெட்டியோடு திரும்பி வந்தன. எதிர்த்த டீக்கடையில் ஒருத்தன், "எக்கா, எங்க வீட்டுப் பெரியவர் இழுத்துக்கிட்டுக் கிடக்காரு, ஒரு பாட்டில் எடுத்து வைங்க" என்றான். மூன்றாம் மாசம் மாடி அறையைப் பூட்டிவிட்டு ஜவுளிக்கடை வேலைக்குப் போனேன். காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் நிற்கிற வேலை. கால் வீங்கி, வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதெல்லாம் அவள் நாசமாய்ப் போக வேண்டும் என்று வாய்விட்டே சொல்வேன்.

அவள் சொன்னது தப்பாக இருந்திருந்தால் நான் இவ்வளவு வெறுத்திருக்க மாட்டேன். என் அப்பா செத்தது ஒரு ஐப்பசியில். கலக்கும்போது அந்த நினைப்பே எனக்கு இல்லை. அவள் சொன்ன பிறகு புட்டியைத் திறந்து முகர்ந்தேன். பெஞ்சில் அப்பா கிடந்தார்.

அடுத்த வருஷம் பங்குனியில் விஜயஸ்ரீக்கு ஒரு வாரம் காய்ச்சல். போகும்போது அது அவள் மூக்கையும் கொண்டுபோய்விட்டது. யாருக்கும் அவள் சொல்லவில்லை. நான் கண்டுபிடித்தது நேசையாவால். அவரும் எண்ணெய் கலக்குகிறவர், பாளையங்கோட்டைக்காரர். அவளுக்கு இரண்டு புட்டி அனுப்பியவர், வெட்டிவேர் லேபிளைத் தாழம்பூப் புட்டியில் ஒட்டிவிட்டார். தெரிந்ததும் என்னிடம் சொல்லி மனுஷன் நடுங்கிப்போனார், வீடியோவில் கிழித்துத் தொங்கவிடுவாளே என்று. அவளோ தாழம்பூவைத் தேய்த்துக்கொண்டு, "பானைத் தண்ணி குடிச்ச மாதிரி குளுகுளுன்னு இருக்கு வெட்டிவேர்" என்று நாலு நிமிஷம் பேசினாள். தாழம்பூ! அறைக்குள் நுழையும்போதே மண்டையில் அறைகிற வாசம் அது. நேசையா கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னார். நான் போனை நிறுத்திவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

வெளியே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மூக்கில்லாமல் அவள் படுகிற பாட்டை வாராவாரம் பார்ப்பதில் ஒரு சுகம் இருந்தது. அதை ஊரோடு பங்கு போட எனக்கு மனசில்லை.

இந்த வருஷம் ஆவணியில் சிவகணேஷ் வாத்தியார் மாரடைப்பில் போய்விட்டார். நான் துக்கம் கேட்கத்தான் போனேன் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். பார்க்கப் போனேன். கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். கிண்ணத்தில் எண்ணெய், கிண்ணத்தில் சீயக்காய், கழுத்துவரை ரோஜா மாலை, தலைமாட்டில் ஊதுபத்தி. வெளியே மழை தூறியது. என் ஐப்பசி அந்த வீடு நிறைய நின்றது, ஒரு சொட்டு மாறாமல். விஜயஸ்ரீ குனிந்து புறங்கையால் அவர் தலையில் எண்ணெய் வைத்தாள். அவளுக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. நானும் வரிசையில் போய் எண்ணெய் வைத்துவிட்டு வந்தேன்.

புரட்டாசி அமாவாசைக்கு முந்தின நாள் எனக்குப் போன் பண்ணினாள். "ஒரு எட்டு வீட்டுக்கு வந்துட்டுப் போறியா?" என்றாள். மதியம் கடையில் சொல்லிவிட்டுப் போனேன்.

"எனக்கு மூக்கு போயி ஒன்றரை வருஷமாச்சு. கலக்குதவ நீ, என் வீடியோவப் பாத்தே உனக்குத் தெரிஞ்சிருக்கும்லா?"

"தெரியும்க்கா."

"யாருட்டயும் சொல்லலயே நீ."

பீரோவைத் திறந்து, புடவைகளுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தாள். வாய் இறுக்கிக் கட்டியிருந்தது. உள்ளே வெளிர்நீலச் சட்டை.

"அவிய துணியெல்லாம் கருமாதியோட பாபநாசத்துல ஆத்துல விட்டாச்சு. இத மட்டும் ஒளிச்சு வச்சேன். சாகுததுக்கு முந்துன நாள் போட்டது, தொவைக்கல. அவிய அண்ணன் கண்டுபிடிச்சுட்டாங்க. நாளைக்கு அமாவாசைக்குப் பாபநாசம் போறாங்க, செத்தவங்க துணி வீட்டுல இருக்கப்படாது, குடுத்துருன்னு ஒத்தக்கால்ல நிக்காங்க. அவிய வாசம் இதுல இருந்துச்சுன்னா, சண்டை போட்டாவது வச்சுக்கிடுவேன். எனக்குத் தெரியாட்டாலும் இருக்குல்லா, அது போதும். இல்லன்னா வெறுந்துணிதான, போகட்டும்."

"வீட்டு ஆளுக யாருட்டயும் கேக்கலயா?"

"கேட்டேனே. தங்கச்சி இருக்குங்கா, எதுத்த வீட்டுக்காரி இருக்குங்கா. பைய அவுக்கதுக்கு முன்னாலயே இருக்கு இருக்குங்காளுவ. எரக்கப்பட்டுச் சொல்லுத பேச்சு எனக்கு எதுக்கு? நீ அப்படிச் சொல்ல மாட்ட. என்னைய உனக்கு ஆகாது. அதுக்குத்தான் உன்னக் கூப்பிட்டேன். உள்ளதச் சொல்லு."

பையை அவிழ்த்துச் சட்டைக்குள் முகத்தை வைத்தேன்.

சிவகணேஷ் வாத்தியார் அங்கேதான் இருந்தார். முதலில் சட்டைப்பையிலிருந்து கிராம்பு வந்தது. அதன் பின்னால் சாக்பீஸ் தூள். கழுத்துப்பட்டியில் தேங்காயெண்ணெய், அக்குளில் உச்சிவெயிலில் சைக்கிள் மிதித்து வந்த வேர்வை. இதற்கெல்லாம் அடியில், எந்தப் புட்டியிலும் அடைக்க முடியாத ஒரு மனுஷ வாசம். ஒரு மாசமாகியும் கொஞ்சமும் குறையவில்லை. அவ்வளவு பத்திரமாகக் கட்டி வைத்திருந்தாள்.

நிமிர்ந்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தீர்ப்புக்கு முன்னால் கேமராவைப் பேசாமல் பார்ப்பாளே, அதே மாதிரி நானும் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தேன்.

"ஒண்ணுமில்லக்கா. பிளாஸ்டிக் வாடை அடிக்கு. சோப்புத்தூள் கொஞ்சம் இருக்கு. அவ்வளவுதான்."

"கிராம்பு?"

"இல்லக்கா."

"லேசாக்கூடவா?"

"இல்ல."

அவள் அழவில்லை. சட்டையை வாங்கி மடித்துத் திரும்பப் பையில் வைத்தாள். இந்தத் தடவை வாயைக் கட்டவில்லை. "நீ ஒருத்தியாவது உள்ளதச் சொன்னியே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். காப்பி போட்டுக் கொடுத்தாள். குடித்தேன். நல்ல காப்பி.

மறுநாள் அந்தச் சட்டை பாபநாசத்துக்குப் போனது. படித்துறையில் ஒதுங்கிக் கிடக்கும் ஆயிரம் துணிகளோடு அதுவும் ஊறிக் கிடந்திருக்கும்.

அந்த வாரம் ஒரு வீடியோ போட்டாள். போனைப் பிடிக்க ஆளில்லை, எதிலோ சாய்த்து வைத்திருந்தாள், பாதித் தலைதான் தெரிந்தது. தனக்கு மூக்கு போய்விட்டது, ஒன்றரை வருஷமாகச் சொன்னதெல்லாம் பொய் என்று ஒப்புக்கொண்டாள். பிறகு என் பேரைச் சொன்னாள். "முத்துராணியோட ஐப்பசிய இழவு வீட்டு எண்ணெய்னு சொன்னேன். அத இப்பவும் மாத்த மாட்டேன். ஆனா எல்லாரும் எனக்குச் சாதகமாச் சொன்னப்ப உள்ளதச் சொன்னவ அவ ஒருத்திதான். அவ மூக்கு பொய் சொல்லாது. நம்பி வாங்குங்க" என்றாள்.

வாங்கினார்கள். ஜவுளிக்கடையில் சொல்லிவிட்டு மாடி அறையைத் திறந்து தூசி தட்டினேன். கிராம்புத் தைலத்தைத் திறக்கும்போதெல்லாம் வாத்தியார் வந்து நிற்கிறார். யாரோ ஒரு மனுஷர். அவர் வாசம் இப்போது உலகத்திலேயே என் மூக்கில் மட்டும்தான் இருக்கிறது. வருத்தம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. அந்தச் சட்டையை மறுபடி கையில் கொடுத்தாலும் அதையேதான் சொல்வேன் என்பதும் உண்மை.

போன திங்கட்கிழமை லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தபோது அவள் போன் வந்தது. மூச்சு வாங்கப் பேசினாள்.

"ஏட்டி முத்துராணி, எனக்கு வாசம் வருதுட்டி! இன்னைக்குக் காலைல அஞ்சறைப்பெட்டியத் தொறந்தேன், கிராம்பு! லேசாத்தான், ஆனா கிராம்புதான். இனி பையப் பைய எல்லாம் வந்துரும்னு டாக்டர் சொல்லுதாரு."

கையிலிருந்த லேபிளைப் புட்டியில் ஒட்டி முடித்தேன்.

"அந்தச் சட்டை ஞாபகம்தான் மொதல்ல வந்துச்சு. ரெண்டு மாசம் பொறுத்திருந்தா நானே மோந்து பாத்திருப்பேனேன்னு ஒரு நிமிஷம் பதறிட்டேன் பாத்துக்கோ. அப்புறம் நீ சொன்னது நெனப்பு வந்துச்சு. அதுலதான் ஒண்ணுமில்லயே, என்னட்டி?"

"ஆமாக்கா" என்றேன். "ஒண்ணுமே இல்ல."