துவக்கு வாயில் எலுமிச்சை

தெமோதரைக்கு ரயில் வராத காலம் அது. இலங்கை மலைநாட்டில், மடுல்சீமையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஒரே ஒரு துவக்கு, வேட்டைத் துப்பாக்கி, இருந்தது. சொந்தக்காரர் தோட்டத்துத் துரை, சுமந்துபோய்ப் பன்றி சுட்டவர் என் வீட்டுக்காரர். கல்யாணமான புதிதில் மற்றப் பெண்களுக்குப் பூவும் வளையலும் கிடைத்தன. எனக்குக் கிடைத்தது வெடிமருந்துப் பாடம்.

அடுப்புக் கல்லில் ஒரு சிட்டிகை மருந்தைக் கொட்டிக் கொள்ளியால் தொட்டார். புஸ்ஸென்று எரிந்தது, அவ்வளவுதான். இதற்கா இவ்வளவு பெருமை என்று கேட்டேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"வெளிய எரிஞ்சா புகை நாலா பக்கமும் ஓடிரும். குழலுக்குள்ள ஓட இடமில்ல. பின்னால அடைப்பு, சுத்தி இரும்பு. முன்னால நிக்கிற குண்டை நெட்டித் தள்ளிக்கிட்டுத்தான் அது வெளிய போகணும்."

உலை கொதிக்கையில் மூடி எழும்புமே, அதுபோலவா என்றேன். அதேதான், ஆனால் கண்ணிமைக்கிற நேரத்தில் என்றார். புகை கசியாமலிருக்க மருந்தின்மேல் தேங்காய் நாரை இறுக்குவதையும், வாய் அடைபட்டால் குழலே வெடித்துக் கையைக் கொண்டுபோய்விடும் என்பதையும் சொன்னார். பாதி நேரம் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றும் எங்காவது மருந்துப் புகை வாசம் வந்தால் அந்த அடுப்படிக்கே போய்விட மாட்டோமா என்று ஏங்குகிறேன்.

பிறகொரு வருஷம், கொழுந்து பறிக்கப் போனவளின் தொடையை ஒரு ஒற்றைப் பன்றி கிழித்துவிட்டது. மறுநாள் காலையிலேயே வேட்டை. வழக்கப்படி, மருந்து கெட்டித்த துவக்கை முனியாண்டி கல்லில் சாத்திப் பூசை போட்டார்கள். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் கத்தியானாலும் அரிவாளானாலும் பூசையில் முனைக்கு ஒரு எலுமிச்சம்பழம் குத்துவது எங்கள் ஆட்களின் பழக்கம். துவக்குக்கு மட்டும் ஏன் குறை என்று நினைத்தாரோ என்னவோ, புதிதாக வந்த பூசாரி ஒரு சின்னப் பழத்தைக் குழல் வாயில் வைத்து உள்ளங்கையால் அறைந்து இறுக்கினார். பன்றி விழும்வரை எடுக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

என் வீட்டுக்காரர் மெதுவாக மறுத்துப் பார்த்தார். சாமி காவலை எடுத்துவிட்டு யாருக்காவது ஏதாவது ஆனால் நீதான் பொறுப்பு என்றார் கங்காணி. கூடப் போகிற ஆட்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காட்டுக்குள் போன பின்னும் என் வீட்டுக்காரரால் அதைத் தொட முடியாது.

வாய் அடைபட்டால் குழலே வெடிக்கும் என்று அடுப்படியில் அவர் சொன்னது எனக்கு நினைவிருந்தது. எங்களுக்குப் பிள்ளையில்லாதது லயத்து வரிசை வீடுகள் முழுக்கத் தெரிந்த விஷயம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், முந்தானையை விரித்து மண்டியிட்டேன்.

"எனக்குப் பிள்ளை வரம் வேணும் சாமி. துவக்குல இருக்கிற அந்தக் கனியத்தான் குடுங்க."

மடியேந்தி நிற்பவளுக்குச் சாமி கனியை இல்லையென்று சொல்ல எந்தப் பூசாரிக்கும் மனம் வராது. பழத்தைத் திருகி எடுத்து என் மடியில் போட்டார். வீட்டுக்காரர் வேட்டி நுனியால் குழல் வாயைத் துடைத்துக்கொண்டார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அங்கேயே அழுதிருப்பேன்.

மத்தியானம் மலைமேல் ஒரு வெடிச்சத்தம் கேட்டது. பன்றியைக் காவுதடியில் கட்டித் தூக்கிவர, அவர் முன்னால் நடந்து வந்தார்.

பிள்ளை பிறக்கவேயில்லை. அது தீராத குறைதான், மறைக்க என்ன இருக்கிறது? அந்தக் கனி பலிக்கவில்லையே என்று லயத்துப் பெண்கள் வருஷக்கணக்காகப் பரிதாபப்பட்டார்கள். அப்போதெல்லாம் அவர் வாசலில் உட்கார்ந்து, தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருப்பார்.

"பலிச்சுருச்சு" என்பேன்.