மேப்பிள் உதிர்ந்த பிறகு சிவந்த ஓக்

காலை 9.10. வெக்ஸ்போர்ட்டில் லோரன்ஸ் கிழக்கு பஸ் ஏறினோம். ஆளுக்கு மூன்று டொலர் முப்பது சதம். பக்கத்தில் இருந்தவர் என் கணவரின் அக்கா, லண்டன் மச்சாள். கனடாவில் இலைகள் சிவப்பதைப் பார்க்கவென்றே மூன்று கிழமை லீவு எடுத்து வந்தவர். அடுத்த நாள் அவருக்குப் பிளேன்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பிழை என்னுடையது. வந்த சனி ஞாயிறுகளை எல்லாம் இரண்டு கலியாணம், பெரியபிள்ளையான ஒருத்தியின் சாமத்தியவீடு என்று மண்டபங்களுக்கே கொடுத்துவிட்டேன். இலை எங்கே ஓடப்போகிறது என்று வாய் கிழியச் சொன்னவளும் நான்தான். கடைசியில் நவம்பர் பிறந்துவிட்டது.

9.40. யன்னலுக்கு வெளியே மேப்பிள் மரங்கள் மொட்டையாக நின்றன. பஸ் ஓட்டிய தமிழ் அண்ணையிடம் கேட்டேன். போன கிழமைக் காற்றோடு இலையெல்லாம் கொட்டுண்டு போச்சு, வந்ததுக்கு ஆற்றங்கரையையாவது பாருங்கோ என்றார். மச்சாள் படம் எடுக்கவென்று கையில் வைத்திருந்த போனைக் கைப்பைக்குள் திரும்ப வைத்தார். ஏசியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

10.20. கடைசித் தரிப்பில் இறங்கி, ரூஜ் ஆற்றுப் பக்கம் நடந்தோம். காலடியில் நனைந்த இலைச்சகதி. ஒரு மேட்டைச் சுற்றித் திரும்பினோம். ஐயோ, அந்தச் சரிவு முழுக்கச் சிவப்பு!

அத்தனையும் சிவப்பு ஓக் மரங்கள். கரும்பட்டையில் சாம்பல் நிறக் கோடுகள் நெடுக ஓடின. மச்சாள் ஓர் இலையை எடுத்து, அதன் கூரான நுனிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"லண்டனிலையும் ஓக் இருக்குத்தானே. அது மஞ்சளாகி, மண்ணிறமாகி விழுந்திடும். உது என்ன இப்பிடிச் சிவந்து கிடக்கு?"

"இது இந்த மண்ணிலயே தானா முளைக்கிற மரம், மச்சாள். மேப்பிள் முடிஞ்சாப் பிறகுதான் இதுக்குத் திருவிழா. இதின்ர கொட்டை முத்தவே ரெண்டு வருசம் வேணும். அவசரப்படாது."

இதையெல்லாம் பக்கத்தில் நின்ற அறிவிப்புப் பலகையில் அப்போதுதான் வாசித்திருந்தேன். ஆனால் நானே நட்டுத் தண்ணீர் ஊற்றியதுபோல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்.

மதியம் 12.00. மச்சாளை அசைக்க முடியவில்லை. லண்டனில் இருக்கும் தன் கணவரை வீடியோவில் கூப்பிட்டு, போனைச் சரிவின் பக்கம் திருப்பினார்.

"இஞ்ச பாருங்கோ, இவவின்ர நாட்டு மரம்."

இங்கே வந்து இருபத்தாறு வருடம். எந்த நாடு என்று யார் கேட்டாலும் யாழ்ப்பாணம் என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். அன்று நான் மறுக்கவில்லை. "வடிவா இருக்கு என்ன, அண்ணை?" என்று நானும் போனுக்குள் தலையை நீட்டினேன்.