எல்லோருக்கும் இருபது

நான்கு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் பெட்டியை இறக்கி வைத்த இடம் சித்தியின் வீடு. சித்தி இருபத்திரண்டு வருடமாக நர்ஸ். வேலை முடிந்து வந்ததும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவாள், பிறகுதான் பேச்சு. அன்று கழுவி முடித்ததும் பேச்சுக்குப் பதில் பாத்திரங்களை உருட்டினாள்.

புது நர்ஸ்களுக்குப் பாடம் எடுக்க வார்டிலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள். சித்தி மூன்று வருடமாக ஆசைப்பட்ட இடம் அது. கூட வேலை செய்பவர் ஒருவர் மதிப்பீட்டுப் படிவம் எழுதித் தர வேண்டும். வார்டு வழக்கப்படி, நீ எனக்கு முழு மதிப்பெண் போடு, நான் உனக்குப் போடுகிறேன். சித்திக்கு எழுதியவள், வார்டில் எல்லோரும் நெட்டை என்று கூப்பிடும் இன்னொரு நர்ஸ். இருவரும் பதினான்கு வருடமாக ஒரே மேஜையில் சாப்பாட்டு டப்பா திறப்பவர்கள். நெட்டை எல்லாவற்றுக்கும் முழு மதிப்பெண் போட்டுவிட்டு, அடியில் ஒரு வரி சேர்த்திருந்தாள்: 'மூச்சை எண்ணுவதில்லை. எல்லோருக்கும் இருபது என்று எழுதுகிறார்.'

"பொய்யா எழுதிட்டாங்களா?" என்று கேட்டேன்.

"உண்மைய எழுதிட்டா. அதான் வயித்தெரிச்சல். இனி அந்த இடம் போன மாதிரிதான்."

காய்ச்சலுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் கருவி இருக்கிறது. மூச்சுக்கு மட்டும் ஒரு நிமிடம் நின்று நெஞ்சைப் பார்க்க வேண்டும். முப்பது படுக்கைக்கு அத்தனை நிமிடம் ஏது? ஆளைப் பார்த்தாலே தெரியும் என்று இருபது போட்டுவிடுவாள். முப்பது பேரும் ஒரே தாளத்தில் மூச்சு விடுகிறார்களா என்று சித்தப்பா கேட்டார். அன்று அவர் சோற்றை அவரே போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

நெட்டைக்குச் சித்தி எழுத வேண்டிய படிவம் கைப்பையில் காலியாக இருந்தது. நாளைக்கு அவளை ஒரு பிடி பிடிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே படுத்தாள்.

மறுநாள் ரோஷத்தில் எண்ணத் தொடங்கினாளாம். எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் ஆள் மூச்சை மாற்றிவிடுவார்; அதனால் நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நெஞ்சைக் கவனிப்பார்கள். பதினெட்டு, பதினாறு, பத்தொன்பது. ஜன்னலோரம் ஜோக்கடித்துக்கொண்டிருந்த பஸ் டிரைவருக்கு இருபத்தெட்டு. திரும்ப எண்ணினாள். இருபத்தெட்டேதான். டாக்டரைக் கூப்பிட்டாள். நிமோனியாவின் ஆரம்பம் என்றார். உடனே மருந்து ஏறியது. முந்தின நாள் அட்டையில் அவருக்கும் இருபதுதான், சித்தியின் கையெழுத்தில்.

மதியம் டப்பா திறந்ததும், "இத என்கிட்ட வாயால சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டாள்.

"மூணு தடவ சொன்னேன்டி. நீ சிரிச்ச."

சித்தி படிவத்தை எடுத்து அவள் எதிரிலேயே நிரப்பினாள். எல்லாம் முழு மதிப்பெண். அடியில் ஒரு வரி: 'மருந்து எடுக்கும்போதும் பேச்சை நிறுத்துவதில்லை.' நெட்டை அதைப் படித்துவிட்டுத் தன் டப்பாவைச் சித்தி பக்கம் நகர்த்தினாள்.

பாடம் எடுக்கும் இடம் சித்திக்கே கிடைத்தது. வந்த படிவங்களில் குறை எழுதியிருந்தவை இரண்டுதான், அவற்றைத்தான் நம்ப முடிந்தது, அதில் குறையை மறுநாளே திருத்திக்கொண்டவள் சித்தி என்றாராம் தலைமை நர்ஸ். முதல் வகுப்பு, மூச்சு எண்ணுவது. நோயாளியாக நடிக்க நெட்டை வந்தாள். முழுசாக ஒரு நிமிடம் வாயைத் திறக்காமல் படுத்திருப்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டதாம்.