மூன்றாவது தட்டு

எனக்கு எழுத்து நடந்தால்தான் வரும். கீழ்க்கட்டளை வீட்டில் சமையலறைக்கும் பால்கனிக்கும் நடுவே நடப்பேன். உதடு அசையும், குழம்பு அடிப்பிடிக்கும். எதிர்வீட்டுக் கொடியில் காயும் சட்டை, படிக்கட்டில் யாரோ போனில் அழுத அழுகை, எல்லாம் உள்ளே போய்விடும். எது எப்போது வாக்கியமாகி வெளியே வருமோ என்ற பயத்திலேயே பாதி ஆயுள் கழிந்துவிட்டது. இப்படிப்பட்டவளைப் பிடித்து, புதிதாக எழுத வருகிறவர்களுக்குக் கதை சொல்லிக்கொடுங்கள் என்று அஸ்தினாபுரத்துச் சர்ச் ஹாலில் உட்காரவைத்தார்கள். சனிக்கிழமை பிற்பகல்களில் வகுப்பு.

முதல் வாரமே, கேளம்பாக்கத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் கேட்டார்.

"மேடம், மூட் வரலன்னா என்ன பண்றது?"

"மூட் நம்ம ஊர் பஸ் மாதிரி. லேட்டாத்தான் வரும். ஆனா ஸ்டாப்புல நிக்கிறவங்களுக்குத்தான் வரும். நீங்க வந்து நில்லுங்க."

சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு தந்த தெம்பில் வாய் நீண்டது. "வீட்ல இருக்கறத எழுதுங்க. யார்கிட்டயும் பர்மிஷன் கேக்காதீங்க. எதைச் சொல்லாம தாண்டிப் போறீங்களோ, உங்க கதை அங்கதான் நிக்குது."

கைதட்டினார்கள். கடைசி வரிசையில் என் மகளும் தட்டினாள். கல்லூரியில் படிக்கிறாள். எனக்குத் துணையாக வருகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

மறுநாளே சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். நான் பக்கத்தில் போனால் லேப்டாப் மூடிக்கொள்ளும்.

"என்ன கதைடி?"

"நம்ம வீட்டைப் பத்தி."

"வீட்டைப் பத்தி என்ன?"

"பர்மிஷன் கேக்க வேணாம்னு எங்க மேடம் சொல்லியிருக்காங்கம்மா."

அன்றிலிருந்து என் நடை வேறு நடையானது. அவளுடைய அப்பா கோயம்புத்தூருக்குப் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. வேலை மாற்றல் என்று சபையில் சொல்லியிருக்கிறோம். பாவம், தனியா சமாளிக்கிறீங்களே என்று ஆராதனை முடிந்ததும் கையைப் பிடித்துக்கொள்வார்கள். அந்த மாற்றலை அவரே கேட்டு வாங்கினார் என்பது எனக்குத் தெரியும். மகளுக்கு எவ்வளவு தெரியும் என்பதுதான் தெரியாது. யார் வீட்டுக் கண்ணீரையும் விட்டுவைக்காத நான், இதை மட்டும் ஒரு வரிகூட எழுதியதில்லை. சர்ச் ஹாலில், சபைக்காரர்கள் நடுவில், அவள் வாயால் கேட்கப்போகிறேனோ? அடுப்படியில் நின்றாலும் அதே நினைப்பு, ஜெபத்தில் கண்மூடினாலும் அதே நினைப்பு.

நாலைந்து வாரம் கழித்து, அவள் வாசிக்க வேண்டிய சனிக்கிழமை வந்தது. ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் முதலில் வாசித்தார். அவர் கதையில் வாராவாரம் கடைசியில் யாராவது செத்துப்போவார்கள். "சார், இந்த வாரமாச்சும் ஒருத்தரை உயிரோட விட்டிருக்கலாம்" என்றார் அந்த இளைஞர். ஹாலே சிரித்தது. நான் கடைசி வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து மகள் எழுந்தாள்.

கதையில் ஓர் அம்மா நடந்துகொண்டே கதை யோசிக்கிறாள். அடுப்பை மறந்துவிடுகிறாள். அதை அணைப்பது எப்போதும் மகள்தான். பிறகு மகள் மேஜையில் மூன்று தட்டு வைக்கிறாள். இரண்டு பேர் சாப்பிடுகிறார்கள். கழுவ வேண்டாத மூன்றாவது தட்டைத் திரும்ப அலமாரியில் வைக்கிறாள். அதோடு கதை முடிந்தது.

தப்பித்தேன் என்று மூச்சு விட்டேன். விட்ட மூச்சு முடிவதற்குள் வாத்தியார் கேட்டார்.

"நல்லாருக்கும்மா. ஆனா என்னமோ குறையுதே. மேடம், நீங்க சொல்லுங்க. பொண்ணுன்னு பாக்காதீங்க."

என்ன குறைகிறது என்று எனக்குத் தெரியும். அந்த ஹாலில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. அருமையான முடிவு, கை வைக்காதே என்று சொல்லிவிட்டால் போதும், எல்லோரும் டீ குடிக்கப் போய்விடுவார்கள். மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிண்டல் இல்லாத பார்வை. அவளும் பயந்துபோய்த்தான் நின்றிருந்தாள்.

"அந்த மூணாவது தட்டு யாருக்குன்னு நீ சொல்லல" என்றேன்.

"சொல்லட்டுமா?"

"எழுதிட்டு வா."

ஆட்டோ பிடித்துத் திரும்பினோம். வீட்டுக்கு வந்ததும் அவள் மேஜையில் உட்கார்ந்தாள். இந்த முறை லேப்டாப்பை மூடவில்லை. நான் கிட்டே போகவில்லை. அடுப்பில் பால் வைத்துவிட்டு, நடக்காமல், அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். முதுகுக்குப் பின்னால் கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது.

"அம்மா, அப்பாவா கேட்டு வாங்கினாரு அந்த ட்ரான்ஸ்ஃபரை?"

பால் விளிம்புவரை ஏறியது. அடுப்பை அணைத்தேன்.

"ஆமா. அவராத்தான் கேட்டாரு."

மறுபடி அந்தச் சத்தம் தொடங்க வெகுநேரம் ஆனது. அதுவரை நான் திரும்பிப் பார்க்கவில்லை.