சட்டைப்பைச் சாவி

அவித்த கேரட் துண்டொன்றைக் காகிதத்தில் வைத்து அழுத்துகிறார் சலூன்காரர். வாடிக்கையாளர் கழுத்தில் சுற்றுகிற மெல்லிய வெள்ளைக் காகிதம். பிறகு அதைக் கண்ணாடிக்கு மேலிருக்கும் விளக்குக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார். தண்ணீர்க் கறை காய்ந்துவிடும். எண்ணெய்க் கறை காயாமல் வெளிச்சம் காட்டும். அதனால் காயும்வரை விசிறுகிறார். சோறு ஆறினால் ஆறட்டும்.

டப்பாவைக் கொண்டுவந்த மனைவி இடுப்பில் கை வைத்து நிற்கிறாள். "கட்டின பொண்டாட்டி மேல நம்பிக்கை இல்ல, காகிதத்து மேல நம்பிக்கை!"

"உன்னை நம்புறேன். உன் எண்ணெய்க் கரண்டியத்தான் நம்பல."

பித்தப்பையை எடுத்ததிலிருந்து இந்தப் பாடு. பையில் சேர்ந்திருந்து வேண்டியபோது வந்த பித்தம், இப்போது கேட்பாரில்லாமல் சொட்டிக்கொண்டே இருக்கிறது. எண்ணெய் கொஞ்சம் கூடினாலும் வயிறு கலக்கி, நின்ற இடத்தில் நிற்க விடாது. போகப்போகப் பழகிவிடும் என்றார் டாக்டர். அவரையும் இவர் நம்பவில்லை. "பைய எடுத்தாரா, சும்மா தையல் போட்டாரான்னு யாரு பாத்தா? நான் மயக்கத்துல கெடந்தேன்." அத்தாட்சியாகக் கொடுத்த கற்கள் ஒரு குப்பியில், பவுடர் டப்பாவுக்குப் பின்னால் இருக்கின்றன. "இது என் கல்லுதான்னு அதுல பேரா எழுதியிருக்கு?"

வரிசைக் கடைகளுக்கெல்லாம் ஒரே கழிப்பறை, பின்பக்கம். அதன் சாவி முன்பு ஆணியில் தொங்கியது. இப்போது இவர் சட்டைப்பையில். ஜெராக்ஸ் கடைக்காரர் வந்து கேட்டால், "போனா எப்ப வருவீங்க?" என்று விசாரித்த பிறகே கைமாறும்.

போன வாரம், பல வருட வாடிக்கையான பஸ் டிரைவரின் ஒரு கன்னத்தை மழித்துவிட்டு ஓடினார். திரும்பி வருவதற்குள் டிரைவருக்கு டூட்டி நேரமாகிவிட்டது. ஒரு பக்கம் மாப்பிள்ளை, மறுபக்கம் சாமியார் என்று அன்றெல்லாம் பஸ்ஸே சிரித்தது. கதை பரவியது. எதிர் சலூனில் கூட்டம். இங்கே நாற்காலி காலி.

காகிதம் காய்ந்துவிட்டது. கறையே இல்லை. அதுவும் சந்தேகமாகத்தான் இருக்கிறது.

"எண்ணெயே விடலியா?"

"ஒரு சொட்டு கெடையாது. நம்பினா சாப்பிடுங்க."

கொஞ்சமாகச் சாப்பிட்டுக் கை கழுவும்போது, வாசலில் அதே டிரைவர். உள்ளே வந்தவர் உட்காரவில்லை.

"அண்ணே, எதிர்க்கடைக்குத்தான் கிளம்பினேன். மனசு கேக்கல. இன்னைக்காவது முழுசா முடிப்பீங்களா?"

"உக்காருங்க தம்பி."

"பாதியில ஓட மாட்டீங்கன்னு என்ன உத்தரவாதம்?"

வயிற்றுக்குள் என்னவோ புரண்டது. சோறு இறங்குகிறதா, மற்றதா? கண்ணாடி வழியே மனைவியைப் பார்த்தார். அவள் பார்வையை எடுக்கவில்லை.

துணியை உதறி டிரைவருக்குப் போர்த்தினார். நுரை தடவினார். கத்தியில் புது பிளேடு மாட்டினார். பிறகு சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து, துணிக்கு வெளியே நீண்டிருந்த டிரைவரின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார்.