கறையானுக்கு ஒரு பட்டினி விருந்து

தச்சருக்குக் கோபம் வந்தால் எளிதில் போகாது. வாடகை இல்லாமல் குடியிருக்கும். காதைக் கீறிவிட்ட சலூன்காரரைப் பழிவாங்கத்தான் தாடி வளர்க்கத் தொடங்கினார். சலூன்காரர் கடையை மூடிவிட்டு ஊரைவிட்டே போய்விட்டார். தாடி மட்டும் இன்னும் வளர்கிறது.

அப்பேர்ப்பட்டவர் தம் கையால் செய்த கட்டிலில் சம்பந்தியை உட்காரவைத்து, யானை ஏறினாலும் அசையாது என்று அளந்துகொண்டிருக்கும்போதே இருவரும் தரைக்கு வந்துசேர்ந்தார்கள். கட்டில் கால்களைக் கறையான் உள்ளே குடைந்து தின்றிருந்தது. மிச்சம் நின்றது வார்னிஷ் மட்டும்.

சம்பந்தி இடுப்பைத் தடவிக்கொண்டே எழுந்தார். "பரவாயில்ல சம்பந்தி. நீங்க யானைக்குத்தானே சொன்னீங்க. நாம மனுஷங்க."

அன்றிலிருந்து தச்சருக்குச் சோறு இறங்கவில்லை. மண்ணெண்ணெயை ஊற்றித் தொலையுங்கள் என்றாள் மனைவி. அவ்வளவு லேசாக விடுவதா? பூச்சி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் மருமகளிடம் வழி கேட்டார். கறையானும் கரப்பானும் பங்காளிகள்தான் என்றாள் அவள். ஒரு கிளை மட்டும் குடலுக்குள் நுண்ணுயிர்களைச் சமையலுக்கு வைத்துக்கொண்டு, மற்றவர் சீந்தாத கட்டையைத் தின்றே வம்சம் வளர்த்துவிட்டதாம்.

"அப்ப சமையல்காரன முடிச்சாப் போதும்ல?"

"போதும் மாமா. வயிறு முட்டத் தின்னும். பட்டினியாச் சாகும்."

தச்சர் அன்று இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கினார்.

மருமகள் கொடுத்த மருந்தில் ஊறிய மரத்தூளைப் போட்டு, புற்றிலிருந்து ஒரு பிடி கறையானைக் கண்ணாடி ஜாடியில் அடைத்தார். சில நாளில் அவை துவண்டன. உடனே மருந்துத்தூளைக் கொட்டிவிட்டு, கடையிலேயே நல்ல பைன் பலகையாகப் பார்த்துச் சீவிப் போட்டார். தின்னட்டும், தின்னத் தின்ன ஏங்கட்டும். அதுவும் போதவில்லை. இந்த அழிவைப் பார்க்க ஒரு சாட்சி வேண்டாமா? அதே புற்றிலிருந்து கொழுத்த கறையான் ஒன்றைப் பிடித்து உள்ளே விட்டார்.

அடுத்த வாரம் ஜாடி கலகலவென்றிருந்தது. பைன் சீவல் பாதி காணோம்.

மருமகள் பார்த்ததும் தலையில் கைவைத்தாள். குஞ்சுகளுக்கே பெரியவற்றின் பின்புறத்திலிருந்துதான் அந்த நுண்ணுயிர்கள் வந்துசேருமாம். சாட்சிக்கு வந்தவர் எல்லோருக்கும் அப்படித்தான் பந்தி போட்டிருக்கிறார்.

தச்சர் பூதக்கண்ணாடியை எடுத்து ஜாடியருகே முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இதுல எவன் அவன்?"

"எல்லாம் ஒரே மாதிரிதான் மாமா இருக்கும்."

"இருக்கட்டும். முழிக்கிற முழியிலேயே காட்டிக்கொடுத்துருவான்."