சுவருக்கு அந்தப் பக்கமும் கேட்ட ஜெபம்

எங்கள் அப்பா கர்த்தருக்குள் இளைப்பாறப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பலர் அவர்களை நன்றாக அறிந்தவர்கள். நான்தான் இன்னும் அறிந்து முடிக்கவில்லை. சிறு வயதில் என்னைக் 'கேள்வி மூட்டை' என்று கேலி செய்வார்கள். அந்த மூட்டையில் ஒரு கேள்வி மட்டும் இன்னும் அவிழாமல் கிடக்கிறது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சுவருக்கு வண்ணம் அடித்து வந்த மனிதர், ஒரு வருஷம் மட்டும் ஏன் பூச்சையே உடைக்கச் சொன்னார்கள்?

அப்பா பிறந்தது சாத்தான்குளம் பக்கம். தகப்பனாரைச் சீக்கிரமே இழந்ததால் படிப்பு நின்றது. பம்பாய்க்கு வந்து, தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறையில் சேர்ந்தார்கள். கால் ஊன்றியதும் தம்பியை, அதாவது என் சித்தப்பாவை, வரவழைத்துத் தொழில் சொல்லிக்கொடுத்தார்கள். இருவரும் ஒரே சந்தில் ஒட்டினாற்போல் வீடு பிடித்தார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்.

அந்தச் சுவரில் எங்கள் பக்கம் ஈரம் ஏறியது. பாத்திரம் கழுவிக் குளிக்கும் மூலையை நாங்கள் மோரி என்போம். சித்தப்பா வீட்டு மோரித் தண்ணீர்தான் கசிகிறது என்றார்கள் அப்பா. சித்தப்பா இல்லவே இல்லை என்றார். வாய்ச் சண்டை முற்றி, பேச்சே நின்றுபோனது. நான் பள்ளியில் படிக்கையில் நின்ற பேச்சு, கல்யாணமாகி நான் செம்பூருக்குப் போன பிறகும் திரும்பவில்லை. ஆனால் எங்கள் குடும்ப ஜெபத்தில் சித்தப்பாவுக்குத் தவறாமல் இடம் உண்டு. "பக்கத்து வீட்டாரின் கண்களைத் திறந்தருளும் ஆண்டவரே" என்ற இடத்தில் அப்பாவின் குரல் ஓங்கும். ஆண்டவருக்குக் காது மந்தமில்லை. அது யார் காதுக்குப் போகிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

டிசம்பரில் வண்ணம், ஜனவரியில் கொப்புளம். இப்படியே வருஷங்கள் போயின. ஆலயத்தில் எங்கள் போதகர் ஐயரும் வருஷந்தோறும் அதே பிரசங்கம் செய்வார்: பண்டிகைக்கு வீட்டைப் புதுப்பிக்கிறீர்களே, உள்ளே இருக்கும் பழைய மனுஷனை என்ன செய்யப்போகிறீர்கள் என்று. அப்பா வருஷந்தோறும் தலையாட்டுவார்கள். அந்த வருஷம் மட்டும் அது எப்படி உள்ளே இறங்கியது? கேட்டுப் பார்த்தேன். "ஈர நாத்தம் தாங்கலைளா" என்பதோடு முடித்துக்கொண்டார்கள்.

சந்து முழுக்க, வீடுகளை இடித்துக் கட்டடம் வரப்போகிறது என்ற பேச்சாக இருந்த நேரம் அது.

"இடிக்கப்போற வீட்டுக்கு எதுக்குங்க ரிப்பேரு?" என்று அம்மா கேட்டார்கள்.

"நாமளுந்தான் ஒருநா போவப்போறோம். அதுக்காவக் குளிக்காமலா இருக்கோம்?"

பண்டிகை வேலைக்காக நானும் வந்திருந்தேன். மேஸ்திரி பூச்சைக் கொத்த, பச்சையும் நீலமும் ரோஜா நிறமும் அடுக்கடுக்காகப் பெயர்ந்து விழுந்தன. உள்ளே ஓடிய குழாயின் வளைவில் கசிவு. எங்கள் வீட்டுக் குழாய். "சாச்சா, யே பானி தோ ஆப்கா ஹை" என்றார் மேஸ்திரி. தண்ணீர் உங்களுடையதுதான் என்று. இந்தியே தெரியாதவர்போல் அப்பா மறுபடி கேட்டார்கள். அவரும் மறுபடி அதையே சொன்னார்.

அன்று மாலை ஜெபத்தில், "பக்கத்து வீட்டாரின்..." என்ற இடம் வந்ததும் அப்பா நிறுத்தினார்கள். தன் தப்பை மனதுக்குள் சொல்லி முடித்திருக்கலாம். அப்பாவோ, குறை சொல்லிவந்த அதே உரத்த குரலில் சொன்னார்கள்:

"ஆண்டவரே, தண்ணி எங்க வீட்டுது. எந்தம்பி மேல வீண்பழி போட்டுட்டேன். குருடன் நாந்தான். எங்கண்ணத் திறந்தருளும்."

பக்கத்து வீட்டில் ஓடிக்கொண்டிருந்த டிவி நின்றது. அப்பா கண்ணைத் திறக்கவில்லை, ஜெபத்தை முடிக்கவும் இல்லை. வெகுநேரம் கழித்து அந்தப் பக்கத்திலிருந்து சித்தப்பாவின் குரல் வந்தது.

"ஆமென்!"

அம்மா வாய்விட்டு அழுதுவிட்டார்கள். எனக்கோ வேறு யோசனை. அப்படியானால் சித்தப்பா இத்தனை வருஷமும் எங்கள் ஜெபத்தைக் கேட்டிருக்கிறார்! அந்தப் பக்கம் அவர் என்ன ஜெபித்திருப்பார்? பின்னால் அதையும் கேட்டேன். "ஒங்கப்பா போட்ட சத்தத்துல நான் எங்கிட்டு ஜெபிக்க?" என்றார்.

சுவர் காய நாளாகும் என்றார் மேஸ்திரி. அந்தக் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் வெறும் செங்கல்தான் அலங்காரம். வாழ்த்த வந்தவர்களிடமெல்லாம் அப்பாவே காரணத்தைச் சொன்னார்கள். பழையதை மூடி மறைப்பது எளிது. திறந்து போட்டுக் காயவிடத்தான் மனசு வேண்டும். புதுப்பிக்கப்படுவது என்று ஐயர் சொன்னது இதுதானோ என்று எனக்குத் தோன்றியது. கேக் சித்தப்பா வீட்டிலிருந்து வந்தது.

அடுத்த வருஷம் அப்பாவுக்குச் சிறுநீரகம் கெட்டது. ஆஸ்பத்திரிக்கு டாக்சியில் கூட்டிப்போனதும், குளிப்பாட்டியதும், கஞ்சி ஊட்டியதும் சித்தப்பாதான். கடைசி மூச்சின்போது அப்பாவின் கை அவர் கைக்குள் இருந்தது.

ஆறுதலாய் நின்ற ஐயருக்கும் சபையாருக்கும், குறுகிய சந்து வழியே பெட்டிக்குத் தோள் கொடுத்த இந்து, முஸ்லிம் சகோதரர்களுக்கும் எங்கள் நன்றி. முதல் பெயராகச் சித்தப்பாவைத்தான் எழுதியிருந்தேன். வாசித்துக் காட்டியதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏளா, நன்றி சொல்லுததுக்கு நான் என்ன அசலாளா? அங்கேருந்து என்னய எடு. கடைசியில, துக்கப்படுதவங்களோட போடு."

எடுத்துவிட்டேன்.

அவர்களை இழந்து வாடும்,
மனைவி,
மகள்,
தம்பி.